நோட்டு முதல் பக்கம் அப்பளமா சுருண்டுச்சு, சரி பண்ணினது எப்படி (என் அனுபவம்)

பாப்பா மூணாவது போறா, தமிழ் நோட்டுக்கு முதல் பக்கம் அலங்காரம் பண்ணித் தரச் சொன்னா. நோட்டுலயே வரைஞ்சா ஸ்கெட்ச் பேனா பின்பக்கம் ஊறுதுன்னு, கலர் சார்ட்ல பார்டர், பேரு, வகுப்பு எல்லாம் எழுதி வெட்டி ஃபெவிக்கால் வெச்சு ஒட்டினேன். காலையில பாத்தா பக்கம் அப்பளமாட்ட சுருண்டு கெடக்கு.

மூணு நாள் போச்சுங்க. ஃபெவிக்கால்ல தண்ணி கலந்து தடவினேன், இன்னும் மோசம். அம்மிக்கல்ல மேல வெச்சேன், எடுத்த ஒரு மணி நேரத்துல மறுபடி சுருண்டுச்சு. அயர்ன் பண்ணுனதுல ஸ்கெட்ச் கலர்தான் மங்குச்சு.

கடைசியா ஈரோட்டுல பைண்டிங் கடை அண்ணன்கிட்ட காட்டினேன், சார்ட்ட ரெண்டு பக்கமும் வளைச்சுப் பாத்துட்டு "ஏனுங், நாரு ஓடற திசைய மாத்தி வெட்டிட்டீங்க"ன்னாரு. பேப்பர்ல நாரு ஒரே திசையில ஓடுமாம், ஈரம் பட்டா நாருக்குக் குறுக்காலதான் அதிகமா விரியும், நோட்டுப் பக்கம் ஒரு பக்கமும் சார்ட்டு இன்னொரு பக்கமும் இழுத்ததுதான் வினை. கண்டுபுடிக்க சின்னத் துண்டு சதுரமா வெட்டி ஒரு பக்கம் மட்டும் ஈரம் பண்ணுங்க, குழாயாட்ட சுருளும், குழா நீளமா இருக்கற திசைதான் நாரு. அது நோட்டோட முதுகுத் தையலுக்கு நேரா மேல கீழ ஓடற மாதிரி வெட்டி, பசைக்குப் பதில் க்ளூ ஸ்டிக்ல ஒட்டி, ராத்திரி பூரா புஸ்தகம் அடுக்கி வெச்சேன்.

ரெண்டு வாரமாச்சு, பக்கம் தட்டையாவே இருக்கு.