கதைக்களம் பார்க்கப் போகும் காதல் நாவலாசிரியர்களுக்கு ஒரு குறிப்பு

காதல் நாவல் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் கதைக்களத்தைப் பார்க்கப் போகும்போது, ஊரையும் தெருவையும் மட்டும் குறித்துக்கொண்டு திரும்பாமல், ஒவ்வொரு குறிப்பின் மேலேயும் மாதத்தையும் நேரத்தையும் எழுதிவைப்பது நல்லது. கொங்கு நாட்டில் மாதம் மாறினால் காட்சியே மாறிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதால், அந்த வெட்டவெளியில் ஆடி மாதத்தில் நாயகனும் நாயகியும் கிசுகிசுத்துப் பேச இயலாது. முந்தானை பறக்கும், பாதிச் சொற்கள் காதில் விழா. எழுதுகிறவருக்கு அதுவே வசதி என்பது என் எண்ணம். ஈரோட்டுப் பக்கம் மஞ்சளை வெட்டி, வேகவைத்து, களத்தில் காயப்போடும் வேலை பெரும்பாலும் தை முதல் பங்குனி வரை நடப்பது; ஐப்பசிக் காட்சியில் அந்தக் களத்தைக் காட்டினால் உள்ளூர் வாசகர் உடனே பிடித்துவிடுவார்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் சொந்தக் காரை ஓட்டிச் செல்வதைவிட அரசுப் பேருந்தில் போவதே மேல். ஆழியாறைத் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, யார் யார் தோளில் சாய்கிறார்கள், யார் கூச்சத்துடன் விலகுகிறார்கள் என்பதையெல்லாம் வண்டி ஓட்டுகிறவர் கவனிக்க முடியாது. குனிந்து எழுதினால் தலை சுற்றும் என்பதால், கைப்பேசியில் குரலாகப் பதிந்துகொண்டு அன்றிரவே எழுத்தாக்கிவிடுங்கள்.