ஜார் ஆட்சி ஏன் விழுந்தது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரஷ்யப் பேரரசைச் சாய்த்தது யார் என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் சொல்வது லெனின். முதலில் இதை விடுங்கள். 1917 மார்ச் 15 அன்று ஜார், அதாவது ரஷ்யப் பேரரசர், இரண்டாம் நிக்கோலஸ் முடி துறந்தபோது லெனின் சுவிட்சர்லாந்தில் இருந்தார், ஏப்ரலில்தான் திரும்பினார். நவம்பரில் லெனினின் கட்சியினரான போல்ஷெவிக்குகள் கவிழ்த்தது ஜாரை அல்ல, அவருக்குப் பின் வந்த தற்காலிக அரசை.

பஞ்சம்தான் காரணம் என்பதும் சரியல்ல. நாட்டில் தானியம் இருந்தது. ரயில்கள் முதல் உலகப் போருக்கே போதவில்லை, பணத்தின் மதிப்பு சரிந்ததால் விவசாயிகள் விற்கத் தயங்கினார்கள், அதனால் தலைநகர் பெட்ரோகிராடில் ரொட்டிக்கு வரிசை நீண்டது.

என்னைப் பொறுத்தவரை பெரிய தவறு, ‘ஜார் நல்லவர், ரஸ்புடின் கெடுத்துவிட்டார்’ என்பது. அரச குடும்பத்தில் செல்வாக்குப் பெற்ற சாமியாரான ரஸ்புடின் 1916 டிசம்பரில் கொல்லப்பட்டார், அதற்குப் பிறகும் எதுவும் திருந்தவில்லை. அப்புறம், அமைச்சர்களைத் தேர்ந்தெடுத்ததும் நீக்கியதும் யார்? ஜார்தானே. 1905 புரட்சிக்குப் பயந்து டூமா என்ற நாடாளுமன்றத்தைக் கொடுத்தவர், அது எதிர்த்துப் பேசியதும் முதல் டூமாவை 1906இலேயே கலைத்தார், 1907இல் இரண்டாவதையும் கலைத்து, தனக்கு வேண்டியவர்கள் வரும்படி தேர்தல் சட்டத்தையே மாற்றினார். 1915இல் படைத் தலைமையையும் தானே எடுத்துக்கொண்டார், வேண்டாம் என்று அமைச்சர்கள் கெஞ்சியும் கேட்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு தோல்வியும் நேராக அவர் தலையில் விழுந்தது. அவர் மொகிலேவில் படைத் தலைமையகத்தில் இருக்க, தலைநகரில் ஒன்றரை ஆண்டுக்குள் நான்கு பேர் பிரதமர் நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்தார்கள். இப்படி எல்லா அதிகாரத்தையும் ஒருவரே வைத்துக்கொண்டால் பழியைப் பங்கு போட ஆள் இருக்காது, கெட்ட செய்தியைச் சொல்பவர் பேச்சும் எடுபடாது. நிலைமை கைமீறுகிறது என்று டூமா தலைவர் ரொட்ஸியான்கோ தந்தி அடித்தபோது ஜார் அதை உளறல் என்று ஒதுக்கினார்.

கூட்டம் மட்டுமே ஆட்சியைக் கவிழ்த்தது என்று நினைப்பதும் தவறு. மார்ச் 8 அன்று பெண் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள், 11ஆம் தேதி படை சுட்டது, மறுநாள் அந்தப் படைவீரர்களே மக்கள் பக்கம் சேர்ந்தார்கள், அங்கேதான் எல்லாம் திரும்பியது. படைத் தலைமையகத்தில் ஜாருக்கு அடுத்த நிலையில் இருந்த தளபதி அலெக்சேயெவ் போர்முனைத் தளபதிகளிடம் கருத்துக் கேட்டார். ஜார் விலகுவதே நல்லது என்று பதில் வந்தது. பிஸ்கோவ் நகரில் ரயில் பெட்டியில் இருந்தபடி நிக்கோலஸ் மகனுக்கும் சேர்த்து உரிமையை விட்டுக்கொடுத்தார், தம்பி மிகயீலோ மக்கள் தேர்ந்தெடுக்கும் சபை கேட்டால் ஒழிய முடி வேண்டாம் என்று மறுநாளே மறுத்துவிட்டார்.