ஐயெல்ட்ஸ்: ஆங்கிலம் தெரிந்தும் மார்க் போகிற இடங்கள்

வெளிநாட்டில் படிக்கவோ குடியேறவோ போகிறவர்கள் எழுதுகிற ஆங்கிலத் தேர்வு ஐயெல்ட்ஸ். பேண்ட் என்ற பெயரில் 9 வரை மதிப்பெண் தருவார்கள். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுகிறவர் அதில் 6 வாங்கித் திரும்புவதும், தயங்கித் தயங்கிப் பேசுகிறவர் 7 வாங்குவதும் நடக்கத்தான் செய்கிறது. கேட்டதைக் கேட்டபடி செய்கிறோமா என்பதையும் சேர்த்தே பார்க்கிற தேர்வு இது. நம்மில் பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

முதல் தவறு படிக்க உட்காரும் முன்பே நடந்துவிடுகிறது. அகாடமிக், ஜெனரல் டிரெயினிங் என்று இதில் இரண்டு வகை. பல்கலைக்கழகத்தில் சேர அகாடமிக், கனடாவில் நிரந்தரமாகக் குடியேற (பி.ஆர்.) எக்ஸ்பிரஸ் என்ட்ரி திட்டத்தில் விண்ணப்பிக்க ஜெனரல். மாற்றி எழுதினால் 8 வாங்கினாலும் பயனில்லை. பிரிட்டன் விசாவுக்கு யு.கே.வி.ஐ. என்ற பெயரில் தனியாக ஒன்று உண்டு. கேள்விகள் அதே மாதிரிதான், ஆனால் சில விசாக்களுக்கு அந்தப் பெயர் போட்ட சான்றிதழ்தான் செல்லும். நர்ஸ்களுக்கு ஓ.இ.டி. என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு மாற்றுவழியாக இருக்கிறது. நோயாளியின் குறிப்புகளைப் பார்த்து வேறொரு மருத்துவருக்கோ நர்ஸுக்கோ கடிதம் எழுதுவதுதான் அதன் எழுத்துத் தேர்வு. வார்டில் தினமும் குறிப்பு எழுதுகிறவருக்கு, முன்பின் தெரியாத விஷயத்தைப் பற்றிய கட்டுரையைவிட அது கைவசப்படும். பக்கத்து வீட்டு அண்ணன் எதை எழுதினார் என்று கேட்டுப் பணம் கட்டாதீர்கள். நீங்கள் விண்ணப்பிக்கிற இடத்தின் இணையதளத்தைப் பாருங்கள்.

அங்கேயே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மொத்த பேண்ட் மட்டும் போதுமா, ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் கணக்கா? கேட்டல் 6.5, வாசிப்பு 6.5, எழுத்து 5.5, பேச்சு 6.5 என்று வந்தால் சராசரி 6.25. அதை 6.5 என்று ஏற்றிக் கொடுப்பார்கள். வீட்டில் ஸ்வீட் வாங்கிவிடுவார்கள். ஆனால் “எந்தப் பிரிவிலும் 6க்குக் குறையக்கூடாது” என்று கல்லூரி போட்டிருந்தால் அந்த 5.5 கதவைச் சாத்திவிடும்.

கேட்டல் தேர்வில் நம் தமிழே காலை வாரிவிடும். நாம் “ரெண்டு டிக்கெட்”, “பத்து ரூபாய்” என்றுதான் சொல்கிறோம். எண் வந்துவிட்டால் பன்மை தேவையில்லை. அந்தப் பழக்கத்தில் டிக்கெட்ஸ் என்று ஒலிநாடா சொன்னாலும், கடைசியில் வரும் ‘ஸ்’ காதில் ஏறுவதில்லை. எழுதுவது டிக்கெட். ஒரு மார்க் போச்சு. அதேபோல, பேசுகிறவர் முதலில் 14ஆம் தேதி என்பார். உடனே இல்லையில்லை, 16 என்று திருத்துவார். 14ஐ எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவருக்காகவே வைத்த பொறி அது. ஒலிநாடா ஒரே முறைதான் ஓடும் என்பதால், அடுத்த கேள்வியில் கண்ணும் இந்தக் கேள்வியில் காதுமாக இருக்க வேண்டும்.

வாசிப்பில் 60 நிமிடம், 40 கேள்விகள். விடைகளை விடைத்தாளில் எடுத்து எழுதத் தனி நேரம் கிடையாது. இரண்டு சொற்களுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருக்கும்போது மூன்று எழுதினால், விடை சரியாக இருந்தாலும் பூஜ்யம்தான். ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் கேள்விகள்தான் அதிகம் குழப்புபவை. பத்தியில் “தீவுக்கு வாரம் இருமுறை படகு போகிறது” என்று இருக்கிறது. “தினமும் படகு உண்டு” என்பது ஃபால்ஸ், பத்தியே அதை மறுக்கிறது. “படகைத் தவிர வேறு வழியில்லை” என்றால்? விமானம் பற்றிப் பேச்சே இல்லை. எனவே நாட் கிவன். தீவென்றால் படகுதானே என்று நம் பொது அறிவைக் கொண்டுவந்தால் மாட்டிக்கொள்வோம். தெரியாத கேள்வியைக் காலியாக விடவும் கூடாது, தவறுக்கு மார்க் குறைப்பதில்லை.

எழுத்துத் தேர்வில் இரண்டாவது கேள்விக்கு முதல் கேள்வியைப்போல இரு மடங்கு மதிப்பு. ஆனாலும் அகாடமிக் எழுதுகிறவர்கள் முதலில் வரும் வரைபடத்துக்கான விளக்கத்தை 35 நிமிடம் அழகுபடுத்திவிட்டு, கட்டுரையை அவசர அவசரமாக முடிக்கிறார்கள். முதலாவதுக்கு 20 நிமிடம், குறைந்தது 150 சொல். இரண்டாவதுக்கு 40 நிமிடம், குறைந்தது 250 சொல். இந்த நேரக் கணக்கை மீறவேண்டாம்.

மாட்டைப் பற்றிக் கட்டுரை மனப்பாடம் செய்துவந்த பையன், தேர்வில் தென்னைமரம் கேட்டதும், அந்த மரத்தில் மாட்டைக் கட்டிவிட்டுத் தன் கட்டுரையை எழுதினானாம். பேச்சுத் தேர்வில் இதைத்தான் செய்கிறோம். உங்கள் ஊர் இளைஞர்களுக்கு ஏற்றதா என்று கேட்டால், மீனாட்சி அம்மன் கோயில் கோபுரங்களில் ஆரம்பித்துவிடுகிறோம். எதிரே இருப்பவர் ஒப்பிப்பதைக் கண்டுபிடிக்கப் பழகியவர். அடுத்த கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்பார், நாம் அப்படியே நின்றுவிடுவோம். உச்சரிப்பு விஷயத்திலும் அமெரிக்கக்காரர் மாதிரி நாக்கைச் சுழற்ற வேண்டாம். புரியும்படி பேசுகிறோமா என்பதற்குத்தான் மார்க். தமிழ் வாடை தடையில்லை.

அப்புறம், ரிசல்ட் வந்து எழுத்தில் அரை பேண்ட் மட்டும் குறைந்தால் உடனே இன்னொரு தேர்வுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். தேர்வு நாளிலிருந்து 6 வாரத்துக்குள் மறுமதிப்பீடு கேட்கலாம். பேண்ட் உயர்ந்தால் அதற்குக் கட்டிய பணம் திரும்ப வரும். ஒன்றரை பேண்ட் குறைகிறதென்றால் அந்தப் பணத்தை அடுத்த தேர்வுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.