ட்ராமா கேஸ்ல பிஎச் 7.1: பைகார்ப் ஆம்பியூலை உடைக்கிறதுக்கு முன்னாடி

பெங்களூருல புதுசா அனஸ்தீசியா பிஜி சேர்ந்திருக்கிற நம்ம ஊர் பசங்களுக்காக இது. ஓசூர் ரோட்டு ஆக்சிடெண்ட் கேஸ், வயிறு முழுக்க ரத்தம், பிபி 70, ஏபிஜி (தமனி ரத்தத்துல பிஎச், ஆக்சிஜன், சிஓ2 பார்க்குற டெஸ்ட்) பார்த்தா பிஎச் 7.1, அதாவது ரத்தத்துல அமிலம் ஏறியிருக்கு, லாக்டேட் 9, உடனே கை பைகார்ப் (அமிலத்தைச் சமன் பண்ற சோடியம் பைகார்பனேட்) பக்கம் போகும். இருங்க. சீனியரைக் கூப்பிட்டுட்டு ஆரம்பிங்க, தனியா பண்ற வேலை இல்ல இது.

ஸ்டெப் 1, ப்ளீடிங். ரத்தம் போய் திசுவுக்கு ஆக்சிஜன் கிடைக்காமதான் லாக்டேட் ஏறுது, அப்போ உண்மையான மருந்து சர்ஜன் கையிலதான் இருக்கு. பிஎச் 7.2க்குக் கீழ போச்சு, டெம்பரேச்சர் 34க்கு வந்துடுச்சுன்னா அவர்கிட்ட சத்தமா சொல்லுங்க, இல்லன்னா அவர் பாட்டுக்கு நிதானமா குடலை ஜாயிண்ட் பண்ணிக்கிட்டு இருப்பார். பேக் (ரத்தத்தை அழுத்தி நிறுத்துற துணி) வச்சு, ஓட்டையை அடைச்சு, வயிறைத் திறந்தபடியே ஐசியு, மீதி வேலை 24–48 மணி நேரம் கழிச்சு. (கிருஷ்ணகிரிலேர்ந்து சொந்தக்காரங்க வந்திருப்பாங்க, "வயிறை மூடாம அனுப்புவோம்"னு தமிழ்லயே முன்கூட்டியே சொல்லிடுங்க, அப்புறம் பார்த்து பதறுவாங்க.)

ஸ்டெப் 2, என்ன ஊத்துறீங்க. நார்மல் சலைன்ல குளோரைடு லிட்டருக்கு 154 மில்லிஈக்விவலன்ட், அதை பாட்டில் பாட்டிலா விட்டா நீங்களே இன்னொரு அசிடோசிஸ் (ரத்தத்துல அமிலம் ஏறுறது) உண்டாக்குறீங்க. ரத்தம், எஃப்எஃப்பி (உறைய வச்ச பிளாஸ்மா), பிளேட்லெட் 1:1:1 கணக்குல போகட்டும், அடிபட்டு 3 மணி நேரத்துக்குள்ளன்னா ட்ரானெக்சாமிக் ஆசிட் (ரத்தக்கசிவைக் குறைக்குற மருந்து) 1 கிராம் 10 நிமிஷத்துல.

ஸ்டெப் 3 வென்டிலேட்டர், புதுசா வர்றவங்க கோட்டை விடுறது இங்கதான். அந்த ஆள் நிமிஷத்துக்கு 35 மூச்சு விட்டுக்கிட்டு இருந்தது சும்மா இல்ல, சிஓ2வை வெளிய தள்ளித்தான் பிஎச்சைத் தாங்கிப் பிடிச்சிருந்தார், நீங்க ரிலாக்ஸன்ட் (தசையைத் தளர்த்துற மருந்து) போட்டு ட்யூப் வச்சுட்டு பழக்கதோஷத்துல ரேட் 12ன்னு வச்சா சிஓ2 ஏறி பிஎச் 6.9க்கு விழும், ஹார்ட் நின்னாலும் நிக்கும். 20–25ல ஆரம்பிங்க. ஆனா மூச்சு முழுசா வெளிய வர டைம் கொடுக்கணும், காத்து உள்ளயே தங்கினா பிபி இன்னும் இறங்கும். எண்ட் டைடல் (வெளிய விடுற மூச்சுல அளக்குற சிஓ2) நம்பரை நம்பாதீங்க, ஷாக்ல அது நிஜத்தை விடக் கம்மியாத்தான் காட்டும், ஏபிஜில பாருங்க. தலையில அடின்னா சிஓ2 35ஐ ஒட்டியே இருக்கட்டும், பிபியையும் 80–90ல விட்டு வைக்கக் கூடாது.

ஸ்டெப் 4, சூடும் கால்சியமும். ஃப்ளூயிட் வார்மர், வார்ம் ஏர் ப்ளாங்கெட், தியேட்டர் ஏசி குளிரைக் குறைக்கிறது எல்லாம் பண்ணுங்க. ரத்தப் பையில இருக்கிற சிட்ரேட் கால்சியத்தைப் பிடிச்சுக்கும், அயனைஸ்டு கால்சியம் இறங்கினா கொடுத்துடுங்க. பொட்டாசியமும் பாருங்க.

இதெல்லாம் பண்ணியும் பிஎச் 7.1க்குக் கீழயே நிக்குது, பிபியை ஏத்துற நார்அட்ரினலின் போட்டும் பிபி அசையலன்னா அப்போ பைகார்ப். 7.5% ஆம்பியூல்ல மி.லிக்கு ஏறக்குறைய 0.9 மில்லிஈக்விவலன்ட், 50 மி.லி மெதுவா போட்டுட்டு ஏபிஜி பாருங்க. பைகார்ப் சிஓ2வாத்தான் மாறும், அதனால வென்டிலேட்டர் ரேட்டை ஏத்தி வச்சுட்டு போடுங்க, அது கால்சியத்தையும் இன்னும் இறக்கும். 2018 பிரெஞ்சு ட்ரையல்ல ஐசியு பேஷண்டுங்களுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க, மொத்தமா சாவு குறையல, கிட்னி அடிவாங்கினவங்களுக்கு மட்டும் பலன் தெரிஞ்சது. என்னைக் கேட்டா இது சர்ஜனுக்குக் கொஞ்சம் டைம் வாங்கிக் கொடுக்குறது, அவ்வளவுதான். கால்சியம் ஓடுற லைன்லயே போட்டுடாதீங்க, வெள்ளையா படிஞ்சு அடைச்சுக்கும்.