மூணு ஓட்டைய வச்சு தோட்டாவுக்கு மார்க் போடாதீங்க

டெக்சாஸ்ல மான் சீசன் நவம்பர்ல தொறக்கும், அக்டோபர்லயே ரேஞ்சுல பெஞ்ச் கிடைக்காது, எவன பாத்தாலும் ஒரே பஞ்சாயத்துதான், 6.5 க்ரீட்மூர் நல்லா அடிக்குமா 308 நல்லா அடிக்குமான்னு (ரெண்டும் ரைபிள் தோட்டா வகைங்க, அந்த தோட்டா போடுற துப்பாக்கியையும் அதே பேர்லதான் சொல்லுவாங்க). (நம்ம ஊர்ல வேட்டைக்கு லைசன்ஸ் குடுக்குற வழிய 1991லயே சட்டத்த திருத்தி எடுத்துட்டாங்க, அதனால இது பூரா அமெரிக்கா கதைதான், ஊர்ல போய் ட்ரை பண்ணிட்டு என்னைய திட்டாதீங்க.)

என் கூட வேலை பாக்குற மதுரைக்கார பய ஒருத்தன் போன வருஷம் புதுசா ஒரு க்ரீட்மூர் வாங்கினான். 100 கெஜத்துல மூணு ரவுண்டு சுட்டான், மூணு ஓட்டையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கெடக்கு, மேல ஒரு குவார்ட்டர் வச்சா மறைஞ்சுரும். குவார்ட்டர்னா காசுங்க, நீங்க நினைக்கிறது இல்ல. அந்த பேப்பர கிழிச்சு மடிச்சு பர்ஸ்ல வச்சுக்கிட்டு ஆபீஸ் பூரா காட்டிட்டு திரிஞ்சான், "308லாம் பழைய இரும்புடா இனிமே"ன்னு. அவன் பண்ணதுலயே இந்த விஷயத்துல உள்ள பாதி தப்பு அடங்கிருச்சு.

முதல்ல அந்த மூணு ரவுண்டு. துப்பாக்கி மாறல, தோட்டா மாறல, சுடுறவனும் மாறல, இருந்தாலும் ரவுண்டு கூட கூட குரூப் பெருசாகிட்டேதான் போகும், ஏன்னா குரூப்னு நம்ம அளக்குறது ரொம்ப தள்ளி விழுந்த ரெண்டு ஓட்டைக்கு நடுவுல உள்ள தூரம், அது விரியுமே தவிர சுருங்காது. புள்ளியியல் கணக்குப்படி சராசரியா 5 ரவுண்டு குரூப் 3 ரவுண்ட விட கால்வாசிக்கு மேல பெருசு, 10 ரவுண்டுன்னா ஒன்றரை மடங்குக்கும் மேல. அப்ப ஒருத்தன் 308ல அஞ்சு ரவுண்டு சுட்டு, இன்னொருத்தன் க்ரீட்மூர்ல மூணு சுட்டு, ரெண்டையும் பக்கத்துல வச்சு பாத்தா என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. இதுல இன்னொரு கூத்து, தள்ளிப்போன ஒரு ஓட்டைய "அது நான் ட்ரிக்கர வெடுக்குன்னு இழுத்துட்டேன் மச்சி, விட்டுரு"ன்னு கணக்குலேர்ந்து தூக்கிருவாங்க. நல்லா விழுந்தது தோட்டாவோட திறமை, தப்பா விழுந்தது கை நடுக்கம். எந்த ஊர் நியாயம் இது?

அளக்குறதுலயும் ஏமாறுவாங்க. ஓட்டையோட வெளி விளிம்புலேர்ந்து வெளி விளிம்பு வரைக்கும் அளந்துட்டு அப்படியே நம்பர சொல்லிருவாங்க. 308 புல்லட்டோட விட்டம் 0.308 இஞ்ச், 6.5தோட விட்டம் 0.264, அதனால விளிம்ப வச்சு அளந்தா சின்ன புல்லட்டுக்கு சும்மாவே மில்லிமீட்டர் கணக்குல சலுகை கிடைக்கும். நடுவுலேர்ந்து நடு அளக்கணும், இல்லன்னா மொத்த அளவுலேர்ந்து ஒரு புல்லட் விட்டத்த கழிக்கணும். எம்ஓஏன்னு எல்லாரும் அடிச்சு விடுறாங்களே, அது ஒரு கோண அளவு, ஒரு டிகிரில அறுபதுல ஒரு பங்கு, 100 கெஜத்துல 1.047 இஞ்ச், 100 மீட்டர்ல கிட்டத்தட்ட 2.9 சென்டிமீட்டர். கெஜம் ரேஞ்சுல ஒண்ணு, மீட்டர் ரேஞ்சுல ஒண்ணு சுட்டுட்டு இஞ்ச வச்சு ஒப்பிட்டா 9 சதவீதம் அங்கயே ஓடிருது.

ஆனா இதெல்லாம் சில்லறை. பெரிய தப்பு என்னன்னா ரெண்டு துப்பாக்கிய ஒப்பிட்டுட்டு ரெண்டு தோட்டாவ ஒப்பிட்டேன்னு நினைக்கிறது. வேற பழைய தோட்டா வகைங்களையும் சேத்து பாத்தா, 30-06 வந்தது 1906, 270 வின்செஸ்டர் 1925, 308 கடைக்கு வந்தது 1952. க்ரீட்மூர் 2007லதான் வந்துச்சு. அப்ப 30-06 வச்சிருக்கவன்ல நிறைய பேர் கைல இருக்குறது தாத்தா காலத்து, மரத்துல கட்டை (தோள்ல வச்சு புடிக்கிற பகுதி) போட்ட துப்பாக்கி, க்ரீட்மூர்காரன் கைல இருக்குறது பேரல் (குழல்) கட்டைல எங்கயும் ஒட்டாம நிக்கிற, ட்ரிக்கர் நல்லா இருக்குற புது துப்பாக்கி. என் 30-06 செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது, குரூப் ஒரு நாள் ஒரு மாதிரி விழும், மழை நாள்ல இன்னும் மோசம். ரேஞ்சுல ஒரு வெள்ளக்கார பெருசு வந்து ஒரு டாலர் நோட்ட பேரலுக்கும் கட்டைக்கும் நடுவுல விட்டு இழுத்தாரு, பாதி தூரத்துல மாட்டிக்கிச்சு. ஈரத்துக்கு கட்டை ஊதி ஒரு பக்கமா பேரல முட்டிக்கிட்டு இருந்துருக்கு. உப்புத்தாள வச்சு ஒரு சாயங்காலம் பூரா தேச்சேன், நோட்டு கடைசி வரைக்கும் ஓடுச்சு, குரூப் பாதியாச்சு. அதுவரைக்கும் நான் தோட்டாவத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். ஸ்கோப் மவுண்ட் ஸ்க்ரூ லூசா இருந்தாலும் இதே கதைதான், சுடுறதுக்கு முன்னாடி அத ஒரு தடவ பாருங்க.

அதுக்காக தோட்டாவுக்கு பங்கே இல்லன்னு சொல்லல. க்ரீட்மூர டார்கெட் போட்டிக்காகவே வடிவமைச்சாங்க, நீளமான புல்லட்டுக்கு இடம் விட்டு, பேரல் ட்விஸ்ட்டையும் (புல்லட்ட சுழல வைக்க குழலுக்குள்ள போடுற முறுக்கு வரி) வழக்கமா 8 இஞ்சுக்கு ஒரு சுத்துன்னு வச்சாங்க. பெஞ்ச்ரெஸ்ட் போட்டில (துப்பாக்கிய பெஞ்ச்ல சாச்சு வச்சு குரூப்ப சின்னதாக்குற போட்டி) 222 ரெமிங்டன் ராஜாவா இருந்துச்சு, 1975ல பால்மிசானோவும் பிண்டெல்லும் குட்டையா குண்டா 6 பிபிசின்னு ஒண்ண உருவாக்கினாங்க, அது வந்து 222அ ஓரங்கட்டிருச்சு. ஆனா அது கனமான பேரல், பெஞ்ச்ல அசையாத துப்பாக்கி, தானே அளந்து நிரப்புன தோட்டான்னு இருக்குற உலகம், அங்க இஞ்சுல பத்துல ஒரு பங்குக்கெல்லாம் தோத்துருவாங்க. நம்ம தோள்ல தூக்கிட்டு காட்டுல நடக்குற மெலிசான பேரல்ல அந்த வித்தியாசத்த தேடுறது திருவிழா கூட்டத்துல கொலுசு சத்தம் கேக்குற மாதிரி.

ட்விஸ்ட்னு சொன்னேன்ல, அதுலயும் ஒண்ணு. 243 வின்செஸ்டர் துப்பாக்கிங்க நிறைய 10 இஞ்ச் ட்விஸ்ட்லதான் வரும், 100 கிரெய்ன் (புல்லட் எடைய சொல்ற அளவு) வேட்டை புல்லட் வரைக்கும் ஒழுங்கா போகும். ஒருத்தர் அதுல நீளமான டார்கெட் புல்லட்ட போட்டு சுட்டுட்டு 243யே குப்பைன்னாரு. பேப்பர போய் பாத்தா ஓட்டை வட்டமா இல்ல, சாவி துவாரம் மாதிரி நீட்டமா இருக்கு, புல்லட் பம்பரம் தள்ளாடுற மாதிரி தள்ளாடி பக்கவாட்டுல போய் மோதிருக்கு. ஒரே காட்ரிட்ஜ் (முழு தோட்டா), முனைல இருந்து பறக்குற புல்லட்ட மாத்துனா வேற ஜாதி. அதனால ஒண்ணுக்கு விலை ஜாஸ்தியான மேட்ச் (போட்டிக்குன்னு செய்யுற) தோட்டாவும் இன்னொண்ணுக்கு டிஸ்கவுண்ட்ல வாங்குன பெட்டியும் போட்டு போட்டி வைக்காதீங்க. ரெண்டுக்கும் ஒரே தரத்துல ரெண்டு மூணு விதம் வாங்கி சுட்டு பாத்துட்டு அப்புறம் பேசுங்க.

அப்புறம் இந்த "ஃப்ளாட்டா போகும்"ங்கிற பேச்சு. 300 வின்செஸ்டர் மேக்னம் வேகமா போகும், தூரத்துல கம்மியா இறங்கும், சரி, ஆனா கம்மியா இறங்குறதும் குரூப் சின்னதா விழுறதும் வேற வேற சமாச்சாரம். எவ்வளவு இறங்கும்னு டேபிள் பாத்து சொல்லிரலாம், காத்துதான் ஆள கவுக்கும், அங்கதான் பிசின்னு சொல்ற அந்த காத்த கிழிக்கிற நம்பர் உதவும். அதயும் ஜி1, ஜி7னு ரெண்டு கணக்குல போடுவாங்க, 6.5ல அதே 140 கிரெய்ன் மேட்ச் புல்லட்டுக்கு ஜி1ல 0.65 கிட்ட, ஜி7ல 0.33 கிட்ட. ஒரு பெட்டில இதயும் இன்னொரு பெட்டில அதயும் படிச்சுட்டு ரெண்டு மடங்கு ஒசத்தின்னு நினைச்சவங்கள எனக்கு தெரியும், அதுல நானும் ஒருத்தன்.

தோள்ல விழுற இடியையும் மறந்துருவாங்க. ஒரே எடை துப்பாக்கில 300 மேக்னம் குடுக்குற உதை க்ரீட்மூர் மாதிரி சுமார் ரெண்டு மடங்கு. நாலாவது ரவுண்டுலேர்ந்து கண்ணு தானா மூடும், தோள் பின்னாடி போகும். டம்மி தோட்டா ஒண்ண சொல்லாம கொள்ளாம நடுவுல போட்டு குடுக்க சொல்லுங்க, டிக்னு சத்தம் மட்டும் வரும், ஆனா குழல் முனை ஒரு சாண் கீழ குத்தும், பக்கத்துல நிக்கிறவன் சிரிப்பான். அந்த குரூப்ப வச்சு மேக்னத்த குறை சொல்ல முடியுமா?

கடைசியா அவனும் நானும் ஒரு வேலை பண்ணோம். மெலிசான பேரல் சூடேறுனா குரூப் விரியும், வேட்டைல எண்ணுறது ஆறிப்போன பேரல்ல போற முதல் ரவுண்டுதான், அதனால பத்து நாள் போய் ஆளுக்கு தினம் ஒரே ஒரு ரவுண்டு, அவனவன் பேப்பர்ல. அவன் க்ரீட்மூர் பத்து ஓட்டையும் ஒன்றே முக்கால் இஞ்ச், என் 30-06 ரெண்டு இஞ்ச். மானோட நெஞ்சுக்கூட்டுல குறி வைக்கிற இடம் எட்டு இஞ்ச் தட்டு அளவு இருக்கும். பய ரொம்ப நேரம் ரெண்டு பேப்பரையும் மாத்தி மாத்தி பாத்தான். பர்ஸ்ல இருந்த பழைய பேப்பர் இப்பவும் அங்கதான் இருக்கு, ஆனா இப்பல்லாம் யாராவது கேட்டாத்தான் எடுக்குறான்.