அமெரிக்காவில் நெடுந்தூர ரயில், பஸ்: டிக்கெட் எடுக்கும்போதே செய்துவிடும் தவறுகள்

அமெரிக்காவில் ரயிலிலோ பஸ்ஸிலோ நெடுந்தூரம் போய் நொந்து திரும்பியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சிக்கல் பெரும்பாலும் வண்டியில் ஏறிய பிறகு தொடங்கியிருக்காது. டிக்கெட் எடுத்த நாளிலேயே அதற்கு விதை போட்டிருப்பார்கள். நம் ஊர் ரயில்வேயை மனத்தில் வைத்துத் திட்டம் போடுவதுதான் காரணம்.

முதல் தவறு, அட்டவணையில் போட்ட நேரத்துக்கு ரயில் போய்ச் சேரும் என்று நம்பி அன்றைக்கே விமானமோ நேர்காணலோ வைத்துக்கொள்வது. ஆம்ட்ராக் 1971இல் தொடங்கிய தேசியப் பயணிகள் ரயில் நிறுவனம். பாஸ்டன், நியூயார்க், வாஷிங்டன் தடத்தின் பெரும்பகுதி அதற்குச் சொந்தம். அதைத் தாண்டிவிட்டால் தண்டவாளம் பெரும்பாலும் யூனியன் பசிபிக், பிஎன்எஸ்எஃப், சிஎஸ்எக்ஸ் போன்ற சரக்கு ரயில் நிறுவனங்களுடையது. பயணிகள் ரயிலுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் நெடுந்தூரத் தடங்களில் பல இடங்களில் ஒற்றைப் பாதைதான். ஒதுங்கி நிற்கப் பக்கத்தில் போட்டிருக்கும் கிளைப் பாதையைவிடச் சில சரக்கு ரயில்கள் நீளமாக இருக்கின்றன. அதனால் ஒதுங்க முடிந்த ரயில் ஒதுங்குகிறது, அதாவது நீங்கள் உட்கார்ந்திருக்கும் ரயில். கடும் வெயிலில் தண்டவாளம் விரிந்து நெளியும் ஆபத்து இருப்பதால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். ஓட்டுநர்களுக்குச் சட்டப்படி 12 மணி நேரம்தான் வேலை. தாமதத்தில் அது முடிந்துவிட்டால், மாற்று ஊழியர் வந்து சேரும்வரை வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஆகவே இரவு தங்க வேண்டிய நெடுந்தூர ரயில் என்றால், இறங்கிய ஊரில் ஓர் இரவு தங்குவதாகவே கணக்குப் போடுங்கள். சிகாகோவிலிருந்து மேற்கே போகும் கலிஃபோர்னியா செஃபிர் 2,438 மைல் ஓடுகிறது. அட்டவணைப்படியே சுமார் 52 மணி நேரம். அவ்வளவு தூரத்தில் மூன்று, நான்கு மணி நேரத் தாமதம் என்பது அதிசயமே இல்லை.

இதோடு ஒட்டியது, இரண்டு ரயில்களுக்குத் தனித்தனி டிக்கெட் எடுப்பது. சில டாலர் மிச்சமாகும் என்று பிரித்து எடுப்பவர்கள் உண்டு. ஒரே முன்பதிவில் இரண்டும் இருந்து, முதல் ரயில் தாமதமானதால் அடுத்ததைத் தவறவிட்டால், வேறு ரயிலிலோ பஸ்ஸிலோ அனுப்பிவைக்கும் பொறுப்பு ஆம்ட்ராக்குடையது. தனித்தனியாக எடுத்திருந்தால் இழப்பு உங்களுடையது. அடுத்த ரயில் நாளைக்குத்தான். சில தடங்களில் நாளைக்கும் கிடையாது. நியூ ஆர்லியன்ஸ் முதல் லாஸ் ஏஞ்சலஸ் வரை போகும் சன்செட் லிமிடெட், நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் சுற்றி சிகாகோ போகும் கார்டினல், இரண்டும் வாரத்தில் மூன்று நாள் மட்டுமே.

பெரிய ஊர் என்றால் ஸ்டேஷன் இருக்கும் என்ற நினைப்பும் ஏமாற்றும். லாஸ் வேகஸில் 1997க்குப் பிறகு ஆம்ட்ராக் ரயில் இல்லை. நாஷ்வில்லிலும் ஒஹாயோவின் கொலம்பஸிலும் இல்லை. ஃபீனிக்ஸுக்குப் போகிறவர் தெற்கே சுமார் 35 மைல் தள்ளியுள்ள மாரிக்கோப்பாவில் இறங்க வேண்டும். கலிஃபோர்னியா செஃபிரும் சான்ஃபிரான்சிஸ்கோவுக்குள் போவதில்லை. வளைகுடாவின் மறுகரையில் எமரிவில்லோடு சரி. கிளீவ்லாந்தில் ரயில் உண்டு, ஆனால் நெடுந்தூர ரயில்கள் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் வரும். அழைத்துப்போக வருகிறவரிடம் இதை முன்பே சொல்லிவையுங்கள்.

ஒரே பெயரில் இரண்டு ஊர் இருப்பதையும் கவனியுங்கள். போர்ட்லாந்து ஆரகனிலும் உண்டு, மெய்னிலும் உண்டு. இரண்டிலும் ஆம்ட்ராக் நிற்கும். ஆரகனின் குறியீடு பிடிஎக்ஸ், மெய்னுடையது பிஓஆர். ஸ்பிரிங்ஃபீல்டும் அப்படியே, இல்லினாயில் ஒன்று, மாசசூசெட்ஸில் ஒன்று. மாநிலத்தின் பெயரைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். பாஸ்டனில் வேறு விதமான சிக்கல்: நியூயார்க் ரயில் சவுத் ஸ்டேஷனில் வரும், மெய்ன் போகும் டவுன்ஈஸ்டர் நார்த் ஸ்டேஷனில் புறப்படும். இரண்டுக்கும் இடையே ஆம்ட்ராக் ரயில் ஓடுவதில்லை. ஊருக்குள் மெட்ரோவிலோ டாக்சியிலோ மாறிப் போக அவகாசம் வேண்டும்.

தேதி தவறுவது நிறையப் பேருக்கு நடக்கிறது. 15ஆம் தேதி இரவு 12.30 ஏஎம் என்று டிக்கெட்டில் இருந்தால், 14ஆம் தேதி சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும். 15ஆம் தேதி ராத்திரி போய் நின்றால் வண்டி போய் ஒரு நாள் ஆகியிருக்கும். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊரின் நேரம் என்பதையும் மறக்க வேண்டாம். சிகாகோவிலிருந்து மேற்குக் கரை போவதற்குள் கடிகாரத்தை இரண்டு முறை பின்னுக்குத் தள்ள வேண்டும்.

சாதாரண டிக்கெட்டில் படுக்கை கிடைக்கும் என்று நினைப்பவர்கள் நம்மவர்களில் அதிகம். கோச் என்றால் சாயும் இருக்கை மட்டுமே. இருக்கை அகலம், கால் நீட்டவும் இடம் உண்டு. ஆனால் போர்வை, தலையணை தரமாட்டார்கள், ஏசி விறைக்க வைக்கும். படுக்கை வேண்டுமென்றால் ரூமெட். மேற்கே ஓடும் இரண்டடுக்கு ரயில்களில் அது மூன்றரை அடிக்கு ஆறரை அடி அறை. மேலும் கீழுமாக இரண்டு படுக்கை, கழிப்பறை வெளியே. விலை கூடுதல்தான், ஆனால் அறைக் கட்டணம் இருவருக்கும் சேர்த்து ஒன்றே. இருவருக்கும் சாப்பாடும் அதில் அடக்கம். வயதான அப்பா அம்மாவை இரண்டு இரவு அழைத்துப்போகிறவர்கள் இந்த இடத்தில் பணத்தைப் பார்க்க வேண்டாம்.

காபி, டீ என்று கூவிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். கஃபே பெட்டி இடையிடையே மூடிவிடும், சைவத்துக்கு அங்கே தேர்வு குறைவு. நாம் கொண்டுபோனதைச் சூடாக்கவும் வழி இல்லை. புளிசாதம், சப்பாத்தி, ஊறுகாய் தாங்கும். தயிர்சாதத்தை முதல் வேளையிலேயே முடித்துவிடுங்கள்.

சிகாகோவிலிருந்து மேற்கே போகும் எம்பயர் பில்டர் ரயில் ஸ்போக்கனில் நள்ளிரவில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி சியாட்டிலுக்கும் மறுபாதி ஆரகனின் போர்ட்லாந்துக்கும் போகும். வேறு பெட்டியில் காலி இருக்கை பார்த்துத் தூங்கிவிட்டால் விழிப்பது வேறு ஊரில். கண்டக்டர் காட்டிய பெட்டிக்கே இரவில் திரும்பிவிடுங்கள்.

பஸ்ஸில் முக்கியமான தவறு, பழைய டெர்மினலுக்குப் போய் நிற்பது. நெடுந்தூர பஸ் நிறுவனமான கிரேஹவுண்டை 2021இல் ஜெர்மனியின் ஃப்ளிக்ஸ் நிறுவனம் வாங்கியது. பல ஊர்களில் பழைய டெர்மினல்கள் கைவிடப்பட்டன. ஃபிலடெல்ஃபியாவில் 2023இல் மூடியபோது பயணிகள் தெருவோரத்தில் காத்திருக்க நேர்ந்தது. முதல் நாளே டிக்கெட்டில் உள்ள முகவரியை வரைபடத்தில் பாருங்கள். அது வாகன நிறுத்துமிடமாகவோ பெட்ரோல் பங்க்காகவோ இருந்தால் கூரையோ கழிப்பறையோ இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் நடுராத்திரி பஸ் மாறும் டிக்கெட்டை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். பஸ் மாறும்போது சூட்கேஸ் தானாக அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடும் என்று இருக்க வேண்டாம். அடியில் ஏற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகு ஏறுங்கள்.

இன்னொன்று, இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு. எல்லையிலிருந்து 100 மைலுக்குள் எல்லைக் காவல் அதிகாரிகள் பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறிக் கேள்வி கேட்கலாம். கடற்கரையும் எல்லைக் கணக்கில் வரும். 18 வயது நிறைந்த வெளிநாட்டவர் தம் பதிவு ஆவணத்தை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கடவுச்சீட்டு, நாட்டுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவின் அச்சுப்பிரதி, மாணவரென்றால் கல்லூரி தந்த ஐ-20 படிவம், இவை கைப்பையில் இருக்கட்டும், சூட்கேஸில் வேண்டாம்.

வழியில் தாமதம் கூடி அடுத்த ரயிலைப் பிடிக்க முடியாது என்று தெரிந்தால், இறங்கும்வரை காத்திருக்காதீர்கள். ஓடும் ரயிலிலேயே கண்டக்டரிடம் உங்கள் அடுத்த ரயிலைச் சொல்லி, முன்பதிவு எண்ணைக் காட்டுங்கள்.