பெங்களூரில் குறைந்த செலவில் மீன் தொட்டி

சிவாஜிநகர் ரசல் மார்க்கெட் பக்கம் மீன் தொட்டி வாங்கப் போகிறீர்களா? விலை குறைவு என்று கண்ணாடிக் கிண்ணத்தை மட்டும் வாங்காதீர்கள். கொஞ்சம் தண்ணீரில் மீனின் கழிவு சீக்கிரமே விஷமாகிவிடும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி சுமார் 55 லிட்டர் பிடிக்கும். புதிதாக வளர்ப்பவர்களுக்கு அதுதான் சரி.

பழைய தொட்டி கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். மூலைகளில் உள்ள சிலிக்கோன் பசையை நகத்தால் நெருடிப் பாருங்கள். உரிந்து வந்தால் வேண்டாம். வீட்டில் சமமான தரையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் வைத்துத் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விடுங்கள். கசிவு இருந்தால் தாள் காட்டிக்கொடுத்துவிடும்.

மிச்சமாகும் காசில் தண்ணீரைச் சுத்தமாக்கும் ஸ்பாஞ்ச் (பஞ்சு) ஃபில்டரும் ஏர் பம்பும் வாங்குங்கள். டிசம்பர், ஜனவரி குளிருக்கு 50 வாட் ஹீட்டர் போதும்.

காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதை நீக்கும் சொட்டு மருந்து கடையிலேயே கிடைக்கும். போர் தண்ணீர் கடினமாக இருந்தால் கப்பி, மோலி, பிளாட்டி வகை மீன்கள் நன்றாக வாழும். பாவம், நியான் டெட்ராவை அதில் விடாதீர்கள்.

அப்புறம், தொட்டி வாங்கிய அன்றே மீன் வாங்கவே வேண்டாம். ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போட்டுவாருங்கள். மீன் கழிவிலும் அழுகும் உணவிலும் உண்டாகும் விஷமான அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியா வளர 4 முதல் 6 வாரம் ஆகும். தெரிந்தவர் வீட்டில் நன்றாக ஓடும் தொட்டி இருந்தால் அவர்கள் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போடுங்கள், காத்திருப்பு நிறையவே குறையும்.